இரவுக் காட்சிப் பறப்பின் வானிலை வரம்புகள்

தொடுவானையும் தரையின் அடையாளங்களையும் கண்ணால் கண்டு விமானத்தைச் செலுத்தும் முறை காட்சிப் பறப்பு எனப்படும். இம்முறையில் பறக்க இருந்தாக வேண்டிய குறைந்த அளவுப் பார்வைத் தொலைவும், மேகத்திலிருந்து விமானம் விலகியிருக்க வேண்டிய இடைவெளியும் வானிலை வரம்புகளாகும். அமெரிக்காவில் இவை கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதிகளின் 91ஆம் பகுதியில் அடங்கியுள்ளன.

அந்நாட்டில் இரவுப் பறப்பை வளர்த்தது அஞ்சல் துறையே. 1921 பிப்ரவரி 22 அன்று இரவு ஜேக் நைட் என்னும் விமானி, வழியில் மக்கள் மூட்டி வைத்த நெருப்புகளை அடையாளமாகக் கொண்டு, நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட்டிலிருந்து அஞ்சல் பைகளுடன் புறப்பட்டு மறுநாட் காலை சிகாகோவை அடைந்தார். 1923இல் சிகாகோவுக்கும் செயென் நகருக்கும் இடையே சுழல்விளக்குக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. 1924 ஜூலை 1 முதல் இரவு அஞ்சல் சேவை முறையாக நடைபெற்றது. 1930களின் முற்பகுதிக்குள் ஏறத்தாழ 1,500 விளக்குகள் 18,000 மைல் வான்வழியைக் காட்டி நின்றன. ஆயினும் விளக்கு எத்துணை வலியதாயினும் மூடுபனியில் பயன்படாது என்பதால், வானொலி வழிகாட்டிகள் மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அமெரிக்க விதிகளின்படி இரவு என்பது கதிரவன் மறைந்தவுடன் தொடங்குவதன்று. கதிரவன் தொடுவானுக்குக் கீழே 6 பாகை இறங்கி, குடிசார் அந்தி எனப்படும் மங்கொளி முடிந்த பின்னரே தொடங்குகிறது. கட்டுப்பாடற்ற ‘ஜி’ வகை வான்வெளியில், தரையிலிருந்து 1,200 அடி உயரம் வரை, பகலில் ஒரு மைல் பார்வையும் மேகத்துக்குள் நுழையாமையுமே போதுமானவை. இரவில் 3 மைல் பார்வையுடன், மேகத்துக்கு 500 அடி கீழாகவோ, 1,000 அடி மேலாகவோ, பக்கவாட்டில் 2,000 அடி விலகியோ பறக்க வேண்டும். இருளில் மேகம் கண்ணுக்குப் புலப்படாமல், விமானம் அதனுள் புகுந்த பின்னரே தெரியவரக்கூடும் என்பதே இதன் காரணம். ஓடுபாதையிலிருந்து அரை மைலுக்குள் சுற்றிவரும் விமானத்துக்கு மட்டும், மேகத்தைத் தவிர்த்தால், ஒரு மைல் போதும் என விலக்களிக்கப்பட்டுள்ளது.

இவ்வரம்புகள் மட்டுமே பாதுகாப்புக்குப் போதியவை அல்ல. 1999 ஜூலை 16 இரவு மார்த்தாஸ் வினியார்டு தீவுக்கு அருகே, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி பெறாத ஜான் எஃப். கென்னடி (இளையவர்) செலுத்திய விமானம் கடலில் வீழ்ந்ததற்கு, விமானி திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் எனவும், புகைமூட்டமும் இருளும் அதற்குத் துணைபோயின எனவும் விசாரணை கண்டது.

இந்தியாவில் இரவுக் காட்சிப் பறப்புக்குப் பொதுவாக அனுமதியில்லை. பிரிட்டன் 2012இல்தான் அதை அனுமதித்தது.