சட்ட முதுநிலைப் படிப்பு (தமிழ்நாடு)

சட்ட முதுநிலைப் படிப்பு (எல்.எல்.எம்.) என்பது இளநிலைச் சட்டப் பட்டம் பெற்றோர் சட்டத்தின் ஒரு துறையைச் சிறப்பாகப் பயிலும் படிப்பாகும். 1997 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இதனை இரண்டாண்டுப் படிப்பாக வழங்குகிறது. வணிகச் சட்டம், அறிவுசார் சொத்துரிமைச் சட்டம், குற்றவியல் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், தொழிலாளர் சட்டம் முதலியன இதன் பிரிவுகளாகும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய இப்பட்டம் தேவையில்லை. சட்டக் கல்லூரி ஆசிரியராக விரும்புவோர்க்கு இன்றியமையாதது.

பிரிவைத் தெரிவு செய்தல்

திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைபெரும்புதூரில் 2018 முதல் அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. எனவே இப்பகுதிப் பட்டதாரிகளுக்குத் தொழிலாளர் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் கண்முன் உள்ள துறைகளாகும். எனினும் இவ்விரண்டும் நடைமுறையில் பெரிதும் வேறுபடுகின்றன.

தொழில் தகராறுச் சட்டம், 1947 இன்படி, எதிர்த் தரப்பின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் இன்றித் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தோன்ற இயலாதிருந்தது. தொழிற்சங்கப் பொறுப்பாளர்களே பெரும்பாலும் வாதிட்டதற்கு இது ஒரு காரணம். 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 29 பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றன. ஆயினும் இக்கட்டுப்பாடு நீடிக்கிறது. தீர்ப்புகளோ பெரும்பாலும் பழைய சட்டங்களின் கீழ் எழுந்தவை. ஆகவே இப்பிரிவில் சேர்வோர் இரண்டையும் கற்க நேரிடும்.

சுற்றுச்சூழல் வழக்குகளை 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. நீதித்துறை உறுப்பினருடன் அறிவியல் வல்லுநரும் அமர்வதால், கழிவுநீர், காற்றுத் தர ஆய்வறிக்கைகளைப் படித்தறியும் பயிற்சி இத்துறையினருக்குத் தேவை.