சயாம் சென்றவர்களும் ஆறாத வலியும்



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் பழமொழி. காயத்தைக் கண்ணால் பார்க்கலாம். காய்ச்சலைக் கையால் தொட்டு அறியலாம். வலியை மட்டும் அதை அனுபவிப்பவர் சொல்லித்தான் பிறர் அறிய வேண்டும். அவர் சொல்லை நாம் நம்பாவிட்டால், அவருக்கு வலியோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது.

புண் ஆறிய பின்னும் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் சிலருக்கு வலி நீடிப்பது ஏன்? பெரும் துயரத்தைக் கண்டவர்களின் உடம்பில் அது தங்கிவிடுவது எப்படி? இவற்றை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாற்றை இன்று பார்ப்போம். இந்த வரலாற்றில் நம் தோட்டத்து மக்களுக்கும் பங்கு உண்டு. சயாம் மரண ரயில் என்று நாம் சொல்லும் அந்தத் துயரத்திலிருந்தே தொடங்குவோம்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே ஜொகூர் முழுவதும் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கடல் வாணிபம் நின்றதால் ரப்பரை வாங்குவாரில்லை. தோட்டங்களில் வேலை சுருங்கியது. அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மரவள்ளிக் கிழங்கே உணவானது. அந்த வேளையில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப் பாதை அமைக்க ஜப்பானிய இராணுவம் ஆள் தேடியது. பான் போங் நகருக்கு அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் தூரம். வழியெங்கும் காடும் மலையும் ஆறும்தான்.

மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், உணவு இலவசம் என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரைத் தரவேண்டும் என்று கட்டளை வந்தது. அதுவும் போதாமல், அகப்பட்டவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். 1943ஆம் ஆண்டில் மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் நம்மவர்கள் போனார்கள். காற்றுப் புகாத சரக்குப் பெட்டிகளில் நெருக்கியடித்து ஏற்றப்பட்டு, நாள் கணக்கில் பயணம் செய்து சயாமை அடைந்தார்கள்.

1943 மழைக்காலத்தில் கூலி முகாம்களில் காலரா பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பெரிபெரியும் கூடவே தாக்கின. மூங்கில் கீறிய சிறு காயம்கூட எலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாகியது. நோயாளிக்கு உணவைக் குறைப்பதும் நோயோடு வேலைக்கு விரட்டுவதும் வழக்கமாக இருந்தன. அங்கே வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களிடையே அவர்களுடைய இராணுவ மருத்துவர்களே இருந்தார்கள். நம் மக்களுக்கு அந்த ஆதரவும் பெரும்பாலும் இல்லை. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில்தான் போர்க்கைதிகளிலிருந்து கே படை, எல் படை என்னும் மருத்துவக் குழுக்கள் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. மருந்தில்லாத மருத்துவர் என்ன செய்ய முடியும்?

1943 அக்டோபர் 17ஆம் நாள் இருமுனைப் பாதைகளும் ஒன்று சேர்ந்தன. போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் அதைப்போல் பல மடங்கு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் அடக்கமாகியுள்ளனர். வரிசை வரிசையாகப் பெயர்க் கற்களும் நிற்கின்றன. நம்மவர்களோ பெரும்பாலும் பெயரின்றிக் காட்டில் புதைந்தார்கள்; எரிந்தார்கள்.

திரும்பி வந்தவர்களின் நிலை என்ன? உயிரோடு வந்ததே போதும் என்று ஊர் சொல்லிற்று. மறுநாளே பால்வாளியைத் தூக்க வேண்டிய வாழ்க்கை. ஆனால் கால் எரிகிறது, முதுகு வலிக்கிறது, இரவில் தூக்கமில்லை, மழைச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது என்றால் யாரிடம் சொல்வது? “சயாம் போனவன் அப்படித்தான்” என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வலியை மறக்கச் சிலர் குடித்தார்கள். வீட்டார் அந்தக் குடியைக் கண்டார்களே தவிர, அதற்குப் பின்னால் இருந்ததைக் காணவில்லை.

இதே இருப்புப் பாதையிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய போர்க்கைதிகளை லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பரிசோதித்தது. அங்கே தெரியவந்தவை வியப்பூட்டுபவை. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சிலருடைய குடலில் சயாம் காட்டு மண்ணிலிருந்து ஏறிய ஒருவகைப் புழு உயிரோடிருந்தது. முகாமில் பட்ட பட்டினியால் கெட்ட நரம்புகள் சிலருக்குச் சீராகவே இல்லை. மனத்துயரும் கெட்ட கனவும் பலரை விடவில்லை. அந்த முதியவர்கள் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை என்பதை அந்தப் பரிசோதனைகள் நிலைநாட்டின. அதே பாதையில், அதே மழையில் உழைத்த நம்மவர்களின் வேதனையும் அதுபோல் மெய்யானதே என்பதில் ஐயமில்லை.

இனி, வலியைப் பற்றிய அறிவு வளர்ந்த கதைக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட், வலியைக் கோயில் மணியடிப்பது போன்ற ஒன்றாக விளக்கினார். கீழே கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். காலில் சுட்டால் மூளையில் வலி தெரியும். கயிற்றை இழுப்பார் இல்லையேல் மணியும் இல்லை. இந்த எண்ணம் மிக நீண்ட காலம் நிலைத்தது. “காயம் இல்லையே, பிறகு எங்கிருந்து வலி?” என்று நாம் இன்று கேட்பதும் அதே எண்ணத்தால்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் இந்த எண்ணத்தை அசைத்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில் காயமுற்றவர்களைக் கவனித்த வியர் மிட்செல் என்னும் மருத்துவர், வெட்டியெடுக்கப்பட்ட கையும் காலும் இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் வீரர்கள் சொல்வதைப் பதிவு செய்தார். இல்லாத காலில் ஏது கயிறு?

1944இல் இத்தாலியப் போர்முனையில் ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர் இதற்கு மறுபக்கத்தைக் கண்டார். கடுமையாகக் காயமுற்ற வீரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரே வலிக்கு மருந்து கேட்டார். மற்றவர்கள் வேண்டாம் என்றனர். காரணம் என்ன? போர்முனையில் பட்ட காயம் அவ்வீரனுக்கு வீடு திரும்பும் அனுமதிச் சீட்டு. உயிர் பிழைத்தோம் என்ற நிம்மதி. காயத்தின் அளவு மட்டும் வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை என்று பீச்சர் எழுதினார். சயாம் முகாமிலிருந்த நம் தொழிலாளியை இங்கே எண்ணிப் பார்ப்போம். அவருக்குக் காயம் என்பது விடுதலை அன்று. குறைந்த சோறும் நெருங்கும் சாவும்தான்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் ஒரு புதிய விளக்கத்தை வெளியிட்டனர். முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கு ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்றார்கள். முழங்காலில் இடித்துக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடு உணர்ச்சி அந்தக் கதவைச் சற்றே சாத்துகிறது, வலி தணிகிறது. மேலிருந்து மூளையும் அந்தக் கதவைத் திறக்கவோ மூடவோ வல்லது. அச்சம், கவலை, தூக்கமின்மை ஆகியவை கதவை அகலத் திறக்கும். அமைதி, நம்பிக்கை, அன்பான துணை ஆகியவை அதைச் சாத்த உதவும். இந்த விளக்கம் பின்னர்ப் பல திருத்தங்களைப் பெற்றது. ஆயினும் வலியில் உடம்பும் மனமும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்ற உண்மை நிலைபெற்றது. நெடுநாள் வலி நரம்புகளையே மாற்றிவிடும் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டின் காவல் நாய், பிறகு இலை அசைந்தாலும் குரைக்கிறது. நரம்புகளும் அவ்வாறே. குரைப்பு மெய், ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் திருடன் வந்திருக்க வேண்டியதில்லை.

மனக்காயத்தைப் பற்றிய அறிவும் போர்களிலிருந்தே வளர்ந்தது. முதல் உலகப்போரில் நடுங்கியும் பேச்சிழந்தும் வந்த வீரர்களைச் சிலர் கோழைகள் என்றே ஏசினர். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயைத் தனி நோயாக ஏற்றது. உடல்வலியும் மனக்காயமும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று 2001இல் ஆய்வாளர்கள் விளக்கினர். வலி பழைய நினைவைக் கிளறுகிறது. நினைவு உடம்பை இறுக்குகிறது. இறுகிய உடம்பு மேலும் வலிக்கிறது. செக்குமாடு போல் மனிதர் ஒரே வட்டத்தில் சுற்றுகிறார்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், இலங்கைப் போரில் அடிபட்ட தமிழ் மக்களிடையே பணியாற்றி, ‘மனவடு’ என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். நம்மவர்கள் மனத்துயரை மனத்துயர் என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு என்றே மருத்துவரிடம் வருகிறார்கள் என்பது அத்தகைய மருத்துவர்களின் அனுபவம். துயரம் தனிமனிதரோடு நிற்காமல், குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

திரும்பி வராதவர்களின் வீடுகளை நாம் மறக்கலாகாது. உடல் கிடைக்கவில்லை, சாவுச் செய்தியும் சரியாக வரவில்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா? கருமாதி செய்வதா, காத்திருப்பதா? 1970களில் அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, முடிவு தெரியாத இழப்பே மிகக் கொடிய இழப்பு என்றார். நம் தோட்டத்துப் பெண்கள் அதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள். அதற்குப் பெயர் வைக்கத்தான் ஆளில்லை.

இவ்வளவும் பழைய கதை, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணக்கூடும். சாலை விபத்து, மரம் விழுந்த விபத்து, இளம்பிள்ளையின் மரணம், வீட்டில் அடி உதை, 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2023லும் ஜொகூர் கண்டது போன்ற பெருவெள்ளம் ஆகிய எல்லாமே மனவடுவை உண்டாக்கக்கூடியவை. அடிபட்ட எல்லோருக்கும் வடு தங்குவதில்லை. பெரும்பாலோர் காலப்போக்கில் தேறிவிடுகிறார்கள். தேறாமல் தவிப்பவர்களுக்கே நம் உதவி வேண்டும்.

ஜூடித் ஹெர்மன் என்னும் மனநல மருத்துவர் 1992இல் வெளியிட்ட நூலில் தேறுதலை மூன்று படிகளாகக் காட்டினார். முதலாவது, பாதுகாப்பு, இனி ஆபத்தில்லை என்ற நிலை வரவேண்டும். இரண்டாவது, நடந்ததை நினைவுகூர்ந்து சொல்லி, இழந்ததற்காக அழுவது. மூன்றாவது, மனிதரோடு மீண்டும் கலந்து வாழ்வது. நம் முன்னோர் கருமாதிக்கு ஊரைக் கூட்டியதிலும் ஒப்பாரி வைத்து அழுததிலும் இந்த அறிவு இல்லாமலா போயிற்று?

குடும்பத்தார் செய்யக் கூடியவை சில உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்ட வேண்டும். மனவலி என்று நாமே முடிவுகட்டக் கூடாது. அது வேறு நோயாகவும் இருக்கலாம். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற் போனாலோ, காய்ச்சலோடு உடம்பு இளைத்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பெரிய நோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் வலித்தால், ‘நடிப்பு’ என்று சொல்லாதிருப்போம். படுத்தே கிடக்கவிடாமல், நாள்தோறும் சிறிது தூரம் நடக்கத் துணை போவோம். தூக்கத்தையும் உணவையும் ஒழுங்குபடுத்துவோம். நடந்ததைச் சொல்ல அவர் விரும்பினால் குறுக்கே பேசாமல் கேட்போம், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதிருப்போம். தூக்கமின்மையும் பயமும் மாறாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2020இல் வலி ஆராய்ச்சிக்கான அனைத்துலகச் சங்கம், வலிக்குத் தான் தரும் விளக்கத்தைத் திருத்தி எழுதியது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று அதில் சேர்த்தது. சயாம் சென்று திரும்பிய நம் பாட்டன்மார்க்கு அன்று அந்த மதிப்புக் கிட்டவில்லை. இன்று நம் வீட்டுத் திண்ணையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்காவது அது கிட்டட்டும்.