யாழ்ப்பாணத்து வீட்டில் தேநீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேயிலை பயிராவதில்லை. எமது செம்மண்ணில் புகையிலை விளையும், வெங்காயம் விளையும், மிளகாய் விளையும். மணற்பாங்கில் பனை நிற்கும். தேயிலைக்கு வேண்டிய குளிரும், மலைச்சரிவும், சுண்ணாம்பு கலவாத மண்ணும் எமக்கு வாய்க்கவில்லை. அப்படியிருந்தும் விடிந்தெழுந்தால் தேத்தண்ணி, யாரேனும் படலையைத் திறந்தால் தேத்தண்ணி, கலியாண வீட்டிலும் தேத்தண்ணி, செத்தவீட்டிலும் தேத்தண்ணி. வந்தவருக்கு வாய் நனைக்க ஒன்றும் கொடாமல் அனுப்பினார்கள் என்ற சொல் ஒரு குடும்பத்தின்மீது விழுந்துவிட்டால் அது எளிதில் அழியாது. இந்தப் பானம் எந்த வழியாக, யார் யார் கைமாறி எமது அடுக்களைக்குள் வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

எமது முன்னோர் காலையில் பருகியது பழந்தண்ணியும் மோரும். காலத்துக்கேற்ப இளநீரும் பதநீரும். தடிமன் காய்ச்சல் வந்தால் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர். தேநீருக்கு முன்னே கோப்பி வந்தது. இன்றைக்கும் பல வீடுகளில் கோப்பிக்கொட்டையை வறுத்து இடிக்கும்போது மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ப்பதைக் காண்கிறோம். புதிதாக வந்த பானத்தைப் பழைய மருந்தோடு கலந்து வீட்டுக்கு உரியதாக்கிக்கொண்டனர் போலும். அடுக்களைச் சொற்களைக் கவனித்தால் அந்நியர் வந்துபோன சரித்திரமே அங்கு கிடக்கிறது. 'பீரிசு' போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. 'கோப்பி'யும் 'கேத்த'லும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. 'தேயிலை' என்பதிலுள்ள 'தே'யோ சீன தேசத்துப் புக்கியன் கரையோர மக்களின் வாய்மொழி. அச்சொல்லுடன் 'இலை'யைச் சேர்த்துத் தமிழாக்கிவிட்டோம்.

இலங்கைத் தேயிலையின் கதை கோப்பியின் சாவோடு ஆரம்பமாகிறது. பேராதனைப் பூங்காவில் 1824ஆம் ஆண்டிலேயே சீனத் தேயிலைச் செடி நடப்பட்டதாயினும், அக்காலத்துத் துரைமார் அதனைப் பொருட்படுத்தவில்லை. மலைநாடெங்கும் கோப்பியே பொன்னாக விளைந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறமான ஒருவகைப் பூஞ்சண நோய் தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெருஞ்செல்வம் முழுவதும் அழிந்துபோயிற்று. நோய் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1867இல், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் என்ற ஸ்கொத்லாந்து தேசத்து இளைஞர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1852இல் அவர் இலங்கைக்கு வந்திறங்கியபோது வயது பதினேழும் நிரம்பவில்லை. எம்மிற் பலர் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பருவம் அது.

அவருக்கு முதலில் தொழிற்சாலை இருக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. தமது பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். வாடிய கொழுந்தை மேசையின்மீது பரப்பிக் கையால் உருட்டி, மண்ணடுப்பில் கரிநெருப்பு மூட்டி அதன்மேல் உலர்த்தினார். ஆகவே உலகப்புகழ் பெற்ற இலங்கைத் தேயிலை முதன்முதலில் ஒரு வீட்டுத் திண்ணையிலே பக்குவஞ் செய்யப்பட்டதுதான். 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதற் பொதி 23 இறாத்தல் மாத்திரமே. பத்தாண்டு கழித்து, 1883இல், கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. ரெயிலர் 1892இல் அதே தோட்டத்தில் காலமானார். பாடப்புத்தகங்களில் அவருடைய பெயர் உண்டு. அந்த மேசைமீது கொழுந்தை உருட்டிய மற்றைய கைகளுக்குப் பெயர் இல்லை.

அக்கைகள் பெரும்பாலும் தமிழரின் கைகள். திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. கோப்பிக்கு அறுவடைக்காலத்தில் மாத்திரம் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடலாம். தேயிலை அப்படியன்று. வருடம் முழுவதும் கொழுந்து துளிர்க்கும். வருடம் முழுவதும் பறித்தாக வேண்டும். அதனால் குடும்பமாக வந்தவர்கள் லயன்களில் நிலையாகத் தங்கினர். பயிரின் இயல்பே ஒரு சமூகத்தை மலைநாட்டில் குடியிருத்திற்று எனலாம்.

எமது ஊரவரும் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆனால் கூடை சுமப்பதற்கு அன்று. மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றவர்கள் லிகிதர்களாகவும், தோட்டத்து வைத்தியசாலைகளில் மருந்து கலப்போராகவும், தொழிற்சாலைகளில் 'ரீ மேக்கர்'களாகவும் உத்தியோகம் பார்த்தனர். நானும் மிஷன் பாடசாலையொன்றில் கற்றவன் ஆதலால் அந்தப் படிப்பின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரே மொழி பேசுவோரில் ஒருவர் பேரேட்டின் பக்கமும் மற்றவர் தராசின் பக்கமும் நின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. 1905இல் வட பகுதிப் புகையிரதப் பாதை தென்னிலங்கையுடன் இணைந்தபின் விடுமுறைக்கு வரும் உத்தியோகத்தருடைய பெட்டியிலும் வியாபாரிகளுடைய பொதிகளிலும் தேயிலை இலகுவாக வந்தது. மூட்டைகளில் வந்ததில் பெரும்பகுதி தூள். முழுமையான நல்ல இலை கப்பலேறும். நுண்ணிய தூள் எமக்கு. இன்றும் நிலை பெரிதும் மாறவில்லை.

தூள் தேயிலையைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. சுடுநீர் பட்டவுடன் அது கடுஞ்சாயம் விடும்; பாலுக்கு அதுவே ஏற்றது. துணிவடியிலே தூளையிட்டு, கொதிநீரை ஊற்றி, இரண்டு பேணிகளுக்கிடையில் நுரை எழ ஆற்றித் தருவது எங்கள் பால்தேத்தண்ணி. பால் இல்லாதபோது பிளேன்ரீ. அதிலும் சீனியைக் கலக்காமல் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் கடித்துப் பருகுவது இந்த மண்ணுக்கே உரிய வழக்கம். யுத்த காலத்தில், 1990களில், சீனி கிடையாத மாதங்களில் இந்த வழக்கமே கைகொடுத்தது என்று பெரியோர் சொல்வர்.

தேயிலையில் எத்தனை வகை உண்டென்று நாவினாலேயே அறிய விரும்பி, சென்ற விடுமுறையில் நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, றுகுணு என்னும் நான்கு பகுதிகளின் தேயிலையைச் சிறு பொதிகளாக வாங்கி வந்தேன். கொழும்பில் சுவை பார்ப்போர் கையாளும் முறை எளியது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரே நிறையுள்ள இலை, ஒரே அளவு கொதிநீர், ஐந்து அல்லது ஆறு நிமிடம். பாலும் சீனியும் இல்லை. ஒரு கரண்டியை வாயில் சத்தத்துடன் உறிஞ்சிச் சுவை கண்டு துப்பிவிடுவர். (எங்கள் வீட்டில் உறிஞ்சலுக்கு அனுமதி கிடைத்தது, துப்புவதற்குக் கிடைக்கவில்லை.) நுவரெலியா ஏறத்தாழ 6,000 அடி உயரம், அதன் சாயம் பொன்னிறமாய் மெல்லிய மணத்துடன் இருந்தது. எனது அம்மம்மா ஒரு மிடறு பருகிவிட்டு, "உது சுடுதண்ணி, பிள்ளை" என்றார். டிம்புள்ள அதைவிடத் திடமானது. ஊவாத் தேயிலைக்கு ஆடி முதல் புரட்டாதி வரையில் வீசும் வறண்ட காற்றினால் ஒரு கூர்மையான குளிர்ந்த வாசம் ஏறுகிறது. தாழ்நிலத்து றுகுணுவோ கறுத்துத் தடித்த சாயம். அம்மம்மா ஒப்புக்கொண்டது அதை ஒன்றைத்தான்.

ஆனால் நான்கு கிண்ணங்களிலும் ஒரு பொதுக்குறை தெரிந்தது. நிறம் மங்கலாயும், மேலே மெல்லிய ஆடை படர்ந்தும் இருந்தன. குற்றம் இலையிலன்று, தண்ணீரில். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு ஒன்றும் எமக்கில்லை. மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தேங்கி நிற்பதையே கிணறு வெட்டி அள்ளுகிறோம். அந்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு தேயிலைச் சாயத்துடன் சேர்ந்து அந்த ஆடையை உண்டாக்கும். துவர்ப்பின் கூர்மையையும் மழுக்கும். பிடித்துவைத்த மழைநீரைக் காய்ச்சி மறுபடி முயன்றபோது அதே நுவரெலியாத் தேயிலை கண்ணாடிபோல் தெளிந்து மணத்தது. கிணற்று நீரிலேயே இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டாலும் ஆடை கலைந்து நிறம் தெளியும். மலைநாட்டு அருவிநீருக்குப் பொருந்திய மென்மையான இலை எமது கிணற்று நீரில் எடுபடாது. கடுஞ்சாயமும் பாலும் இனிப்புமே எடுபடும். அம்மம்மாவின் நாக்கு இந்த நிலத்தின் நீரால் பழக்கப்பட்டது.

தண்ணீரைப் பற்றிப் பேசப் புகுந்தால் கிணற்றையும் பேச வேண்டும். ஒரே ஊரில் ஒரு கிணறு நன்னீராகவும் அடுத்தது உவராகவும் இருக்கும். நன்னீர்க் கிணறு யாருடைய வளவில் உள்ளது, அதில் யார் வாளி விடலாம் என்பதற்குச் சாதி எல்லை வகுத்திருந்தது. தாழ்த்தப்பட்டவர் எனப்பட்டோர் குடத்துடன் காத்துநின்று, யாரேனும் அள்ளி ஊற்றினாற் பெற்றுச் செல்வர். டொமினிக் ஜீவா 1960இல் வெளியிட்ட 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற கதைத்தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது; தலைப்பே அக்காலத்தைச் சொல்லும்.

பாத்திரத்திலும் அதே எல்லை இருந்தது. இன்று நூதனசாலைப் பொருளாகவும் கலியாணப் பரிசாகவும் நாம் பெருமையோடு காட்டும் மூக்குப்பேணியை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் சிறு மூக்கு. அண்ணாந்து, உதடு படாமல் வார்த்துக் குடிக்கலாம். அழகான பாத்திரம், சுகாதாரமானதுங்கூட. ஆனால் அது எல்லோர் கைக்கும் கொடுக்கப்படவில்லை. வயலிலும் வளவிலும் வேலை செய்தவர்களுக்கு அதே அடுப்பில் காய்ச்சிய அதே தேத்தண்ணி சிரட்டையிலோ, இறப்பில் செருகிவைத்த தகரப்பேணியிலோ வார்க்கப்பட்டது. கடைகளிலும் அப்படியே, வாங்கு ஒருவருக்கு, வாசற்புறம் மற்றவருக்கு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கிற்று. சட்டம் எழுதியதோடு கடைகளெல்லாம் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் சங்கானையிலும் வேறிடங்களிலும் தேநீர்க்கடைக்குள் நுழைந்து ஒரு கிளாஸ் தேநீர் கேட்பதற்காக மனிதர் அடிபட்டனர், உயிரும் இழந்தனர். ஆலயப் பிரவேசத்துக்காக மாவிட்டபுரத்தில் நடந்த போராட்டத்தை எம்மவர் நினைவுகூருகிறார்கள். ஒரு கிளாஸ் தேநீருக்காக நடந்ததை அவ்வளவு நினைவுகூருவதில்லை.

இலையைப் பறித்தவர்களுக்கு நேர்ந்ததும் இக்கதையின் பகுதியே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளை அனுப்பிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராயும் வாக்கற்றவராயும் ஆக்கின. இக்கேள்வியில் யாழ்ப்பாணத் தலைவர்கள் பிளவுபட்டதும், 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றுவதற்கு அது ஒரு காரணமாயிருந்ததும் பெரியோர் அறிந்தவை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தது. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இதற்கிடையில் மலைநாட்டுச் சிறுவர் சிறுமியர் பலர் வீட்டுவேலைக்கென்று யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவரப்பட்டனர். தாய் மலையில் பறித்த கொழுந்தை இங்கே அடுப்பில் வைத்து எமக்கு ஆற்றித் தந்தது அவர்கள் கைதான்.

கடைக்குள் என்ன நடக்க வேண்டுமென்று சட்டம் சொல்லிற்று. வீட்டு அடுக்களைக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. ஆகவே எங்கள் வீட்டு இறப்பிலிருந்த தகரப்பேணி எப்போது இல்லாமற் போயிற்று என்று அம்மம்மாவைக் கேட்டேன். அவர் ஊர்வலத்தையும் சொல்லவில்லை, சட்டத்தையும் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனதைச் சொன்னார். கேத்தலும் இரண்டு பேணிகளுமே கையில் எடுத்துப் போனவை. ஒரு பாடசாலைக் கூடத்தில் பத்துக் குடும்பங்கள். யார் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிக்க ஒருவருக்கும் தெம்பில்லை. யாரோ சுள்ளி பொறுக்கி வந்தார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், இவரிடம் கொஞ்சம் தேயிலைத்தூள் இருந்தது. அந்த இரண்டு பேணிகளும் கூடம் முழுவதும் சுற்றி வந்தன.

"திரும்பி வந்து பாத்தா வீட்டிலை ஒண்டுமில்லை. பிறகு பேணி வாங்கினனாங்கள்தான். தனிப்பேணியெண்டு ஒண்டு வாங்கேல்லை" என்றார்.