வரிச்சட்டம் வார்த்த எஞ்சின்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு கடந்து பாலக்காடு, சித்தூர், நல்லேப்பிள்ளி எனப் பிரியும் சாலைகளில் பல்லாண்டுகள் வாடகைக் காராக ஓடியது அம்பாசடர். அதன் 1489 சி.சி. எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் (போர்) 73 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு (ஸ்ட்ரோக்) 88.9 மி.மீ. வீச்சு நீண்டால் இழுவை கூடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் இந்த நீண்ட வீச்சின் வேர், இயந்திரவியலைக் காட்டிலும் பிரித்தானிய வரி வரலாற்றில் ஆழமாக உள்ளது.

1910இல் பிரித்தானிய ராயல் ஆட்டோமொபைல் கிளப் குதிரைத்திறனைக் கணிக்க ஒரு வாய்பாட்டை வகுத்தது. அங்குலத்தில் அளந்த சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும். வீச்சுக்கு அதில் இடமே இல்லை. பிஸ்டனின் வேகம் நிமிடத்துக்கு 1000 அடி என்றே கொள்ளப்பட்டது. 1921 முதல் இக்கணக்கின்படி ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வீதம் கார் வரி விதிக்கப்பட்டது. விட்டத்தைக் குறுக்கி வீச்சை நீட்டினால் கொள்ளளவு குறையாது, வரி குறையும். வடிவமைப்பாளர்கள் அவ்வழியே சென்றனர்.

1947இல் வந்த ஆஸ்டின் ஏ40 காரின் விட்டம் 65.5 மி.மீ., வீச்சு 89 மி.மீ. வாய்பாட்டின்படி அதன் திறன் ஏறத்தாழ 10.6, உண்மையில் அது தந்தது 40 குதிரைத்திறன். 1948இல் அவ்வரி ஒழிந்து, ஒரே சீரான வரி வந்தது. எனினும் வீச்சு மாறவில்லை. கிராங்க் தண்டைப் புதிதாக அமைப்பதைவிடச் சிலிண்டரை அகலக் குடைவது எளிது. அவ்வாறு அகன்ற எஞ்சினே மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக உத்தரபாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸை அடைந்தது. சென்னை வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதையும் இதுவே: இங்கிலாந்தில் 803 சி.சி. எஞ்சின் 948 சி.சி. ஆனபோது விட்டம் 58இலிருந்து 63 மி.மீ. ஆயிற்று, வீச்சு 76 மி.மீ. ஆகவே நின்றது.

வீச்சு நீண்டால் கிராங்கின் நெம்புகோல் நீள்கிறது என்பது மெய். ஆனால் கொள்ளளவு மாறாதபோது பிஸ்டனின் பரப்பு அதே விகிதத்தில் சுருங்குகிறது. எனவே முறுக்குவிசையை நிர்ணயிப்பவை கொள்ளளவும் சிலிண்டரின் சராசரி அழுத்தமுமே. வீச்சு கட்டுப்படுத்துவது சுழற்சி வேகத்தை. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிய பயன். நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் அம்பாசடரின் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 17.8 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். அந்த எஞ்சின் அதற்கென அமைந்ததன்று. அதே 73 மி.மீ. விட்டமும் 71.5 மி.மீ. வீச்சும் கொண்ட மாருதி ஸ்விஃப்ட்டின் 1197 சி.சி. எஞ்சினுக்கு 14.3 மீட்டரே போதும். அகன்ற சிலிண்டரில் வால்வுகளுக்கும் இடம் கூடும். ஆக, நீண்ட வீச்சு இழுவையைக் கூட்டியது என்பதைவிட, உயர் வேகத் திறனைக் குறைத்தது என்பதே பொருத்தம். குறைந்த வேகத்தில் கிடைத்த இழுவைக்கு வால்வு, கேம் அமைப்புகளே பெரும் காரணம்.

அந்த 1197 என்ற எண்ணும் தற்செயலன்று. 2006ஆம் ஆண்டின் இந்திய வரவுசெலவுத் திட்டம், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24இலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. 1298 சி.சி.யுடன் வந்த ஸ்விஃப்ட், 2010இல் 1197க்கு இறங்கியது. எஞ்சினின் அளவுகளை இயற்பியல் விதிகளோடு மட்டும் படிப்பவருக்கு, அவற்றில் பாதி விளங்காமலே போகும்.