பதினெட்டு ராத்திரியும் ஒரு டிக்கெட்டும்

இரவு பத்தரை. ஊர்த் திடலில் இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது, கீழே சலங்கை கட்டிய கால்கள். முகவீணை உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ள, திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனன் தன் பெருமையைத் தானே பாட ஆரம்பிக்கிறான். குலம் இன்னது, சேனை இத்தனை, எதிரே வந்து நிற்க எவனுக்குத் துணிச்சல் உண்டு? திரை உடனே விலகாது. ஆள் முழுதாகத் தெரியும் முன்பே குரல் கூட்டத்தைப் பிடித்துவிட வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் இன்றும் பாரதம் நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. ‘பதினெட்டு நாள் பாரதம்’ என்பது பேச்சு வழக்கு. ஊரின் வசதியைப் பொறுத்து நாள் கூடும், குறையும். அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம்: மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் அடித்துப் பிளக்க, திரௌபதி தன் கூந்தலை அள்ளி முடிவாள். பிறகு தீமிதி. இதில் எதற்கும் சீட்டு கிடையாது. தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவைச் சுமக்கும். பக்கத்து ஊர்க்காரன் பாயோடு வந்து உட்கார்ந்தால் அவனும் விருந்தாளிதான்.

ராப் பாடகர்கள் பெரிய அரங்குகளுக்கு வந்த கதையை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லை நகரமான ஓசூரிலிருந்து பார்க்கும்போது கூத்தில் தொடங்குவதே முறை. ராப் பாடுகிறவரை ‘எம்சி’ என்பார்கள். விழாவை நடத்திவைப்பவர் என்று பொருள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் தங்கை நடத்திய கொண்டாட்டத்துக்காக இசைத்தட்டு சுழற்றினார் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடிவந்த இளைஞர். தாளம் ஓட, மைக்கில் கூட்டத்தைச் சீண்டியும் உசுப்பியும் பேசும் வழக்கம் அந்தக் கொண்டாட்டங்களில் வளர்ந்தது. அந்தப் பேச்சு எதுகை பிடித்து, மூச்சு பிடித்து, தனிக்கலையாக நின்றது. கூத்தில் அந்த வேலையைச் செய்பவன் கட்டியங்காரன். ராஜாவை அறிமுகப்படுத்துவான், அடுத்த நிமிடமே ராஜாவைக் கிண்டல் செய்வான், கதையை நிறுத்திவிட்டு ஊர்ப் பஞ்சாயத்தையும் விலைவாசியையும் இழுப்பான். திரைக்குப் பின்னால் ராஜா பாடும் சுயபுராணம் ராப் பாடகனின் வீறாப்புக்கு நெருங்கிய உறவு. தஞ்சைப் பக்கத்து லாவணிப் பாட்டில், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய மோதிக்கொண்டதும் இதே குடும்பம். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே வளர்ந்த காது ராப்பைக் கேட்டதும் மிரளாததற்கு இது போதுமான காரணம்.

பிராங்க்ஸின் கூடத்திலிருந்து பெரிய அரங்குக்குப் போக ராப்புக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1984-இல் ‘ஃப்ரெஷ் ஃபெஸ்ட்’ என்ற பெயரில் ரன்-டிஎம்சி, கர்ட்டிஸ் புளோ, ஹூடினி முதலானோர் கூட்டாக அமெரிக்க நகரங்களின் அரங்குகளைச் சுற்றினார்கள். ராப்பை நம்பிப் பெரிய அரங்கைத் தர உரிமையாளர்கள் தயங்கிய காலம் அது. இரண்டே ஆண்டில், ‘ரெய்சிங் ஹெல்’ ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில், ரன்-டிஎம்சி நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நின்றது. 1986 ஜூலையில் நடந்த அந்த இரவில், அடிடாஸ் காலணி பற்றிய பாட்டு வந்தபோது, போட்டிருப்பதைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்று மேடையிலிருந்து குரல் வந்தது. ஆயிரக்கணக்கான காலணிகள் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே எழுந்தன. கூட்டத்தில் இருந்த நிறுவன அதிகாரி அதைக் கண்ணால் பார்த்தார். பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பின்னாலேயே வந்தது. ஆல்பம், சுற்றுப்பயணம், விளம்பர ஒப்பந்தம் மூன்றும் ஒரே கயிற்றில் பின்னப்பட்டது இப்படித்தான்.

இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் தொழில் வளாகத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான விளையாட்டுக் காலணிகளைத் தைக்கிறார்கள். விடியுமுன் கம்பெனி பஸ் கிராமத்து முனைகளில் வந்து நின்று அவர்களை அள்ளிக்கொண்டு போகும். உலகத்தின் ஏதோ ஓர் அரங்கில் இசைக்குக் குதிக்கும் கால்களில் இந்தக் கைகளின் தையல் இருக்கிறது.

சுற்றுப்பயணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கூத்துச் செட்டுக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுப்பதற்குத் ‘தாம்பூலம்’ என்று பெயர். தாம்பூலம் வாங்கிவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒரு ஊரில் விடியும்வரை ஆடி, அரிதாரத்தைக் கலைத்து, கட்டைகளையும் கிரீடங்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். மழைக்காலம் வந்தால் வருமானம் நின்றுவிடும். பலர் கூலி வேலைக்கும் காட்டு வேலைக்கும் திரும்புவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னட நாட்டிலும் இதே கதைதான். அங்கே மூடலபாய என்கிற பயலாட்டம். பயலு என்றால் வெட்டவெளி. மொழி மாறும்போதும் மகாபாரதமும் திடலும் ஒன்றாகவே இருந்தன.

பிரம்மாண்டத்தையும் இந்த வட்டாரம் முன்பே பார்த்திருக்கிறது. குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனி 1930-களில் பெங்களூரில் ‘குருக்ஷேத்திரம்’ போட்டபோது நிஜ யானையையும் குதிரைகளையும் மேடையேற்றியது. தமிழ்ப் பக்கம் சிறுவர்கள் நடித்த பாய்ஸ் நாடகக் கம்பெனிகள் ரயிலில் ஊர் ஊராகப் போயின. அங்கே சீட்டு உண்டு, கொட்டகை உண்டு. பார்ப்பவரும் ஆடுபவரும் ஒரே தரையில் இருந்த நிலை அங்கே மாறத் தொடங்கியது.

1971-இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. அசோக் லேலண்ட் 1980-இல் வந்தது. அதே காலத்தில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரமும் வந்துவிட்டது. ராகியும் ரோஜாவும் விளைந்த ஊரில் ஷிப்ட் சங்கு ஊதியது. விடிய விடிய கூத்துப் பார்த்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு எந்திரத்தின் முன் நிற்க முடியாது. கோயில் திருவிழாவுக்குள் இன்னிசைக் கச்சேரி நுழைந்ததில் சினிமாவின் கவர்ச்சிக்குப் பங்கு உண்டு. இந்தக் கால அட்டவணைக்கும் பங்கு உண்டு.

இந்த மாவட்டத்து மேடைகளில் எதுகை மோனை உச்சத்துக்குப் போன ஒரு தேர்தலும் உண்டு. 1991 சட்டமன்றத் தேர்தலில் பர்கூரில் ஜெயலலிதாவை எதிர்த்துத் தன் சொந்தக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் டி. ராஜேந்தர். அடுக்குமொழி வசனத்தால் பட்டிதொட்டியெல்லாம் தெரிந்தவர். தாளத்தை வாயாலேயே போட்டுக்கொண்டு பேசக்கூடியவர். அவர் தோற்றார். ராப் என்ற சொல் அப்போது பர்கூரில் யாருக்கும் தெரிந்திருக்காது. இசைத்தட்டு இல்லாத ராப் என்று அந்தப் பேச்சை இன்று சொன்னால் அது மிகையாகாது.

மூன்றே ஆண்டில் அந்தச் சொல்லும் வந்துவிட்டது. 1994-இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ ஒலிக்காத டீக்கடை இல்லை. ஆனால் தமிழ் ராப் ஆல்பமாக, தன் காலில் நின்றது கடல் கடந்து. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் ‘மடை திறந்து’ இளையராஜாவின் மெட்டை அடித்தளமாகக் கொண்டது. அந்த இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளுக்காக ஊர் ஊராக ஆர்மோனியம் தூக்கியவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டனுக்கு அகதியாகப் போன மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், தந்தையின் பெயரால் ‘அருளர்’ (2005), தாயின் பெயரால் ‘கலா’ (2007) என்று இரண்டு ஆல்பங்கள் தந்தார். இரண்டாவதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். சாவு வீட்டுக்கும் அம்மன் கோயிலுக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்த மேளம் உலக மேடைகளில் அடித்தது.

கோவையைச் சேர்ந்த ஆதியும் அவர் கூட்டாளி ஜீவாவும் ஹிப்ஹாப் தமிழாவாக 2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பத்தோடு வந்தார்கள். அரக்கோணத்து அறிவு, காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் 2018-இல் சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். அடுத்த ஆண்டே ‘தெருக்குறள்’ ஆல்பம் வந்தது. தெருவுக்கும் குறளுக்கும் முடிச்சுப் போட்ட தலைப்பு அது. கூத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் அதே தெரு.

ஓசூருக்குப் பக்கத்து மேடை சென்னையில் இல்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தில் ராப் பாடக் கிளம்பிய பிரோதா வி முதலான இளைஞர்கள் தங்கள் குழுவுக்கு ‘மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழன், கன்னடன், தெலுங்கன் எல்லோரும் ஒருவரை ஒருவர் மச்சா என்று கூப்பிடும் ஊரின் பெயர் அது. ஓசூர்ப் பேருந்து நிலையத்திலும் அதே மச்சாதான். பிறகு ஹனுமான்கைண்ட் வந்தார். மலப்புரத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, கோவையில் கல்லூரி முடித்து, பெங்களூரில் ராப் பாடகரானவர். 2024 ஜூலையில் வெளிவந்த ‘பிக் டாக்ஸ்’ காணொளியில் அவர் மரணக் கிணற்றுக்குள் நின்று பாடுகிறார்; மோட்டார் சைக்கிளும் காரும் அவரைச் சுற்றிச் சுவரில் ஓடுகின்றன. நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் பலகை அதிர அதிர எட்டிப் பார்த்த அதே கிணறு. பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 தரவரிசையில் 23-ஆம் இடம் வரை ஏறியது. 2025 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழா மேடைக்கு அவர் செண்டை மேளக்காரர்களை அழைத்துக்கொண்டு போனார்.

இப்படி ஒருவர் வளர்ந்து பெரிய சுற்றுப்பயணம் கிளம்பும்போது, பாட்டைவிடப் பெரிய வேலை லாரி வேலை. மேடைச் சட்டம், ஒலிபெருக்கி அடுக்கு, விளக்கு, எல்இடி திரை, ஜெனரேட்டர் எல்லாம் ஓர் ஊரில் இரவோடு இரவாக அவிழ்ந்து அடுத்த ஊரில் மறுபடி எழ வேண்டும். சென்னையில் முடித்துப் பெங்களூர் போகும் வண்டிகள் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நின்று, ஓசூர் மேம்பாலத்தில் ஏறி, ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிப் போகின்றன. அந்த லாரிகளில் சில இதே ஓசூரில் செய்தவையாக இருக்கும். ஆனால் கச்சேரி வண்டிகள் இங்கே நிற்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கி உட்காரும் பெரிய உள்ளரங்கு ஓசூரில் இல்லை. தமிழகம் முழுவதிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கி வேலை செய்யும் இத்தனை இளைஞர்கள் உள்ள ஊருக்கு, பொழுதைக் கழிக்க மால் போதும் என்று முடிவு செய்தது நியாயமாகப் படவில்லை. தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கிய காலத்திலேயே ஒரு திடலையும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கூத்துக்கும் கச்சேரிக்கும் இன்று பொதுவாக உள்ள தடை ஒன்று கடிகாரத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம்; அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் கூடாது. பாரதமோ வழக்கப்படி பதினெட்டு ராத்திரி, ஒவ்வொன்றும் விடியும்வரை. நோயாளிக்கும் குழந்தைக்கும் தூக்கம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதத்தோடு நிற்கும் கூத்து வாத்தியாரின் நிலை வேறு, அதே விதியைத் தெரிந்துகொண்டு மாலை நான்கு மணிக்கே கதவைத் திறக்கும் கச்சேரி நிறுவனத்தின் நிலை வேறு. கச்சேரி மாலைக்கு நகர்ந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் திரை பிடித்தால் துரியோதனனுக்கு மிரட்டல் ஏது?

பத்து மணிக்குப் பெங்களூர் மேடையில் ஒலி நிற்கிறது. பதினொன்றரைக்குச் சில்க் போர்டு சந்திப்பில் ஓசூர்ப் பையன்கள் நாலு பேர் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கட்டில் நுழைவுச்சீட்டுக்குப் பதில் கட்டிய பச்சைப் பட்டை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அத்திப்பள்ளி தாண்டும்போது ஒருவன் கேட்கிறான்.

“நாளைக்கு உனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டாடா மச்சா?”

“ஆமாண்டா. அஞ்சே காலுக்கு வண்டி வந்துடும்.”

“லீவு சொல்லிடேன்.”

“சொன்னா டிக்கெட் காசு யாரு குடுப்பா?”

கிருஷ்ணகிரிப் பக்கம் தன் ஊரில் இந்த வாரம் பாரதம் என்று அம்மா போனில் சொன்னது பதில் சொன்னவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது. சனிக்கிழமை படுகளம். செகண்ட் ஷிப்டு யாராவது மாற்றிக்கொள்வார்களா என்று பார்க்க, பஸ்ஸுக்குள்ளேயே போனை எடுத்துத் தொழிற்சாலை வாட்ஸப் குழுவில் கேட்டுவைக்கிறான்.