லண்டன் மாநகரத்து இந்திய உணவகங்கள்

லண்டன் மாநகரத்து இந்திய உணவகங்கள், கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் தோன்றி, கப்பல் தொழிலாளரின் உழைப்பால் பெருகி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டிஷ் ஜனங்களின் அன்றாட வாழ்வில் நிலைபெற்றுவிட்ட போஜன சாலைகளாகும். பெயரளவில் இந்திய உணவகங்களாயினும், அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தி வந்தவர்கள் இன்றைய வங்காளதேசத்தின் வடகிழக்கிலுள்ள சில்ஹெட் பிரதேசத்தவர். அங்கே பரிமாறப்படும் பதார்த்தங்களுள் பல, அதே உருவில் இந்தியாவின் எந்த வீட்டு அடுப்பிலும் ஏறாதவை. இதனைப் போலி என்று பழிப்போர் உண்டு; ஆயினும் யாரால், யாருக்காக, எத்தகைய நெருக்கடியில் அவ்வுணவு உருவாயிற்று என்பதைச் சற்றே ஆராய்வோர், தனக்கென முறையும் பக்குவமும் வாய்ந்த பாகசாஸ்திரம் ஒன்று அங்கே பிறந்திருப்பதை ஒப்புக்கொள்வர்.

இந்திய முறையில் கறி சமைப்பதற்கான குறிப்பு, ஹன்னா கிளாஸ் என்னும் மாது 1747இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே காணப்படுகிறது. 1773இல் ஹேமார்க்கெட் பகுதியிலிருந்த நாரிஸ் தெருக் காப்பிக் கடை, கறி கிடைக்கும் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. எனினும் இந்தியர் ஒருவரே முதலாளியாக நின்று நடத்திய முதல் உணவகம், 1810இல் போர்ட்மன் சதுக்கத்தை ஒட்டிய ஜார்ஜ் தெருவில் சேக் தீன் முகமது ஸ்தாபித்த இந்துஸ்தானி காப்பி ஹவுஸே. பாட்னாவில் பிறந்து, கம்பெனியின் வங்காளப் படையில் சேவித்து, 1794இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் என்ற கீர்த்தியும் பெற்ற அவர், இந்தியாவிலிருந்து திரும்பிய கனவான்களுக்கு ஹூக்காவும் கறியும் அளித்துப் பிழைக்க எண்ணினார். 1812இலேயே திவாலாக நேர்ந்தது. பின்னர் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் அங்கமர்த்தனமும் நடத்தி, அத்தொழிலில் பெரும் பிரசித்தி அடைந்தார்.

இன்றளவும் பேசப்படும் வீராசாமி உணவகம் 1926இல் ரீஜன்ட் தெருவில் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய எட்வர்ட் பாமர், ஆங்கிலேயத் தளபதி ஒருவருக்கும் முகலாயப் பெண்மணி ஒருத்திக்கும் கொள்ளுப்பேரர். அது சாம்ராஜ்ய நினைவுகளைப் போற்றும் பிரபுக்களுக்கென ஏற்பட்ட இடம். சாமானியர் வீதிகளில் பரவிய உணவகங்களின் சரித்திரம் இதனின்றும் முற்றிலும் வேறானது.

அச்சரித்திரம் கல்கத்தா துறைமுகத்தில் தொடங்குகிறது. நதிகளில் படகோட்டிப் பழகிய சில்ஹெட் வாலிபர்கள், ஸாரங்குகள் எனப்பட்ட, தம்மூர்க்காரரான மாலுமித் தலைவர்களின் மூலமாகப் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் வேலைக்கு அமர்ந்து, உடல் வெந்துபோகும் கொதிகலன் அறைகளில் கரி வாரிப் போட்டுக்கொண்டே கடல் கடந்தனர். அற்பச் சம்பளமும் அளவற்ற வேலையும் தாளமாட்டாமல், லண்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி மறைந்தவர்கள், ஹோட்டல்களில் பாத்திரம் துலக்கியும் உருளைக்கிழங்கு உரித்தும் காலங்கழித்தனர். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு வீச்சுக்கு இரையான சிறு சிற்றுண்டிச்சாலைகளை மலிவாக வாங்கி, முதலில் வறுத்த மீனும் கிழங்குமே விற்று, அவற்றோடு ஓரமாகக் கறியும் சோறும் வைத்தார்கள். மதுக்கடைகள் அடைத்த பின்பும் கதவைத் திறந்து வைத்திருந்தமையால், பசியோடு வந்த ஆங்கிலேயர் அக்கறியின் ருசியைக் கண்டுகொண்டனர். இம்மாலுமிகளின் வாய்மொழி வரலாற்றைக் கரோலின் ஆடம்ஸ் என்பவர் 1987இல் நூலாகத் தொகுத்தளித்தது பேருபகாரம். இல்லையேல் அத்தலைமுறையின் குரல் எவர் செவிக்கும் எட்டாமலே போயிருக்கும். 1962ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் அனுமதிச் சீட்டுகளைக் கொண்டு உறவினரை வரவழைத்ததும், 1971இல் வங்காளதேசம் பிறந்ததையொட்டிக் குடும்பங்கள் வந்து சேர்ந்ததும் இத்தொழிலை மேலும் விரிவடையச் செய்தன.

அவர்களுடைய சமையல் முறை கூர்ந்து கவனிக்கத்தக்கது. இரவு பதினொரு மணிக்கு மதுக்கடைகள் மூடியதும் ஒரேயடியாக மேசைகள் நிரம்பும். சமையலறையோ சிறியது, ஆட்களோ சிலர். ஆகவே, காலையிலேயே ஏராளமான வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு வேகவைத்து மசித்து ஒரு பொதுக் குழம்பாக ஆயத்தம் செய்துவிடுவர்; இறைச்சியும் முன்னரே வெந்திருக்கும். வாடிக்கையாளர் கேட்டவுடன் வாணலியில் எண்ணெயும் மசாலைப் பொடியும் கருகாமல் வதங்க, ஓரிரு கரண்டி குழம்பு ஊற்றி, கொழுந்துவிட்ட நெருப்பில் சில நிமிஷங்களில் முடித்துவிடுவார்கள். தேங்காயும் பாலேடும் சேர்ந்தால் அது குருமா. மிளகாய் ஏறினால் மெட்ராஸ். இன்னும் ஏறினால் விந்தாலு. போர்த்துகீசியர் வழியே கோவாவில் பிறந்த, காடியில் ஊறிய பன்றி இறைச்சிக் கறிக்கும் அந்த விந்தாலுக்கும் காரத்தைத் தவிர ஒற்றுமை சொற்பமே. மெட்ராஸ் கறியைச் சென்னைவாசிகள் கேள்விப்பட்டதும் இல்லை. எனினும் ஒரே குழம்பினின்று ஒரு டஜன் சுவைகளைப் பிரித்தெடுக்கும் அத்திறமை சாமான்யமானதன்று. தக்காளியும் பாலேடும் கலந்த சிக்கன் டிக்கா மசாலாவை, பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று அயல்நாட்டு மந்திரி ராபின் குக் 2001இல் கூறியபோது, பெயரறியாத அச்சமையற்காரர்களின் கைத்திறனுக்கே அந்தப் பெருமை சேர்ந்தது.

குடியேறியோர் தம் ஜனங்களுக்கென்றே எழுப்பிய உணவகங்கள் மற்றொரு வகை. சவுத்தாலில் பஞ்சாபியர், 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டோர் உள்ளிட்ட குஜராத்தியர் வெம்பிளியில், யூஸ்டன் ரயில் நிலையத்தருகே டிரம்மண்ட் தெருவில் சைவ போஜனசாலைகள் என அவை வகைப்பட்டன. இலங்கையில் 1983ஆம் ஆண்டு நிகழ்ந்த கலவரத்துக்குப் பின் அகதிகளாகப் பெருமளவில் வந்த ஈழத்தமிழர் டூட்டிங், ஈஸ்ட் ஹாம் முதலிய பகுதிகளில் அமைத்த கடைகளில் கொத்து ரொட்டியும் புட்டும் இடியப்பமும் சொதியும் நண்டுக்கறியும், எவர் நாவுக்காகவும் காரம் குறைக்கப்படாமல் கிடைக்கின்றன. லண்டனுக்குச் செல்லும் தமிழர் மத்திய நகரின் பகட்டான விடுதிகளைக் காட்டிலும் இவற்றைத் தேடிப் போவதே உசிதம்.

2001இல் டாமரின்ட், ஸைக்கா என்னும் இரு உணவகங்கள் மிஷலின் நக்ஷத்திரம் பெற்று, இந்தியச் சமையல் பிரெஞ்சு விடுதிகளுக்கு நிகரான விலையும் மதிப்பும் அடையக்கூடும் என்பதை நிரூபித்தன. மறுபுறம், கிழக்கு லண்டனின் பிரிக் லேன் போன்ற வீதிகளில் பழைய கறிக்கடைகள் குறைந்து வருகின்றன: வாடகை உயர்ந்துவிட்டது; முதலாளிகளின் மக்கள் கல்வி கற்று வேறு உத்தியோகங்களை நாடுகின்றனர்; வெளிநாட்டிலிருந்து சமையற்காரரை வரவழைக்கும் விதிகளோ இறுகிவிட்டன. இந்திய விடுதலைக்காகப் பிரிட்டனில் பாடுபட்ட கிருஷ்ண மேனனின் இந்தியா லீக் என்னும் சங்கத்தோடு தொடர்புற்று 1951இல் ஆரம்பமாகி, ஸ்ட்ராண்ட் வீதியின் மாடியொன்றில் எளிய விலைக்குத் தோசையும் கறியும் அளித்து வந்த இந்தியா கிளப்பும், அதனைக் காக்கப் பலர் முயன்றும், 2023 செப்டம்பரில் மூடப்பட்டது.