கூனிமேடு: கூனலா, கூனியா?

மரக்காணம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் பேருந்தில் நடத்துநர் ‘கூனிமேடு எறங்கு’ என்று குரல் கொடுக்கையில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சந்தேகமெல்லாம் அகராதியில்தான். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி ‘ஹாப்சன்-ஜாப்சன்’ இவ்வூரைக் ‘கன்யிமேடு’ என்றது. 1903 பதிப்பில் வில்லியம் குரூக் பகர அடைப்புக்குள் ‘கூனிமேடு’ என்று சேர்த்து, கூனலான மேடு என்று பொருளும் தந்தார்.

மாலுமிக்கு இந்தப் பொருள் பிடிக்கும். தட்டையான கரையில் முதுகு தூக்கிய மணல்மேடு கப்பலுக்கு நல்ல குறி. ஆனால் ஊருக்குப் பேர் வைத்தவர்கள் கப்பலில் இருந்தவர்கள் அல்லர். கூன் வேறு, கூனி வேறு. கூன்முதுகு, கூன்பிறை என்போம். கூனிமுதுகு என்று யாரும் சொல்வதில்லை. கூனி என்றால் ஒருத்தி, கம்பனின் மந்தரையைப் போல. மேடுதான் வளைந்தது என்றால் ஊர் கூன்மேடு ஆகியிருக்க வேண்டும்.

கடற்கரையில் கூனி என்றால் இன்னொன்றும் உண்டு: பொடி இறால். வெயிலில் சுருண்டு, வைக்கோல் நிறத்தில், கண் மட்டும் கறுத்த புள்ளியாய்த் தெரியும். கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு பிடி போட்டால் தெருவுக்கே மணக்கும். கழுவெளியின் உப்பங்கழியும் கடலும் அருகருகே கிடக்கும் இக்கரையில் அதைப் பரப்பிக் காயவைக்க ஈரம் ஏறாத மேடு வேண்டும். கூனி காய்ந்த மேடு கூனிமேடு. இதற்குக் கல்வெட்டுச் சான்று என் கையில் இல்லை. ஒரு கூனிக்கிழவியின் மேடாக இருந்திருக்கவும் கூடும். இரண்டில் எதுவானாலும் குரூக்கின் கூனல் மேடு நிற்காது. (இறாலுக்கே அதன் கூனால்தான் அப்பெயர் வந்தது என்று அவர் தரப்பில் யாராவது வாதிடலாம். வாதிடட்டும்.)

யூலின் ‘கன்யி’ எங்கிருந்து வந்தது? கஸ்பார் கொரெயா என்ற போர்ச்சுகீசியர் குறித்த ‘கன்யமெய்ரா’ என்ற வடிவத்திலிருந்து என்றே எனக்குப் படுகிறது. அகராதி 1561 என்று ஆண்டிட்டு எடுத்துக்காட்டும் பகுதி அது. கன்யமெய்ராவில் மான்களும் காட்டு மாடுகளும் மிகுதி, ஐந்நூறு மான்தோல் வேண்டுமென்றால் எட்டே நாளில் கிடைக்கும் என்கிறார் கொரெயா. படித்ததும் எனக்கு நினைவில் வந்தது கோடிக்கரைதான். வெளிமானும் புள்ளிமானும் இன்றும் மேயும் இடம். அதன் ஆங்கிலப் பெயரான கலிமியர், பக்கத்துக் கள்ளிமேட்டின் திரிபு. கூனிமேடும் ஆங்கிலத்தில் ‘கோனிமியர்’ ஆனதால், மேடு மியர் ஆனது இரண்டு ஊருக்கும் பொது. ஆக, போர்ச்சுகீசியப் படியெடுப்பில் ‘ல’ ‘ன’வாகத் தடம் மாறியதால், கள்ளிமேட்டின் மான்கள் கூனிமேட்டுக் கணக்கில் ஏறிவிட்டன என்பது என் ஊகம். மரக்காணக் கரையோரக் காடுகளிலும் அந்நாளில் மான் திரிந்திருக்கலாமே என்றால், மறுக்க என்னிடம் ஆதாரமில்லை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துக்கு வந்தால் குழப்பம் குறைவு. ‘கோனிமியர்’ என்று கும்பினியார் எழுதியது இவ்வூரையே. இங்கே ஐரோப்பியர் பண்டகசாலை இருந்த காலத்தை அகராதி 1682–1698 என்கிறது. ஆனால் 1690இலேயே கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கிவிட்டது. அதன்பின் இங்கே எட்டாண்டு உண்மையில் வணிகம் நடந்ததா, ஆள் மட்டும் இருந்ததா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

பின்னாளில் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணத்தோடு நின்றது. உப்புத் தோணிகள் அங்கிருந்து வடக்கே போயின. தெற்கே கிடந்த கூனிமேட்டுக்குச் சாலையே துணை. குரூக்கின் அடைப்புக்குள் இன்னொரு வடிவமும் கிடக்கிறது: ‘கூனிமோட்’. அந்தச் சாலையில் நடத்துநர் வாயில் வரும் பெயருக்கு, ‘கன்யமெய்ரா’, ‘கோனிமியர்’ ஆகியவற்றைவிட நெருங்கியது அதுதான்.